கல்லூரி புராஜெக்டை வேலையிடத்து மென்பொருள் போலச் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கணினிப் பொறியியல் படித்த எல்லாருக்கும் இந்த வரிசை மனப்பாடம். எட்டாவது செமஸ்டர், மூன்று நான்கு பேர் கொண்ட பேட்ச், ஜீரோத் ரிவ்யூ, முதல் ரிவ்யூ, இரண்டாவது ரிவ்யூ, கெட்டி அட்டை போட்ட ரிப்போர்ட், கடைசியில் வைவா. அன்றைக்கு ஒருவருடைய லேப்டாப்பில் மட்டும் ஓடுகிற மென்பொருளைச் சில நிமிடம் ஓட்டிக் காட்டுவார்கள். மறுநாள் முதல் அதை யாரும் திறப்பதில்லை.

மாணவர்களுக்குத் திறமை இல்லாததால் இப்படி நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. வேலையிடத்தில் மென்பொருள் பயன்பாட்டுக்குப் போன பிறகுதான் பெரும்பகுதி வேலை வருகிறது. பயன்படுத்துகிறவர் எதிர்பாராததைச் செய்வார், விதி மாறும், எழுதியவர் வேறு அணிக்குப் போய்விடுவார், இன்னொருவர் அந்தக் கோடை (மென்பொருளின் நிரல் வரிகளை) திறந்து திருத்த வேண்டியிருக்கும். கல்லூரியில் அந்த நாள் வருவதே இல்லை, அதனால் அதற்குத் தேவையான பழக்கங்களும் வருவதில்லை.

எனவே இங்கே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் மென்பொருளை வெளியாள் ஒருவர் நிஜமாகப் பயன்படுத்தும் நாளை, வைவாவுக்குப் பிறகு என்று தள்ளாமல் செமஸ்டரின் முதல் ஐந்து வாரத்துக்குள் கொண்டுவாருங்கள். மற்றவற்றின் தேவை அதற்கப்புறம் தானாகவே புரியும்.

உதாரணமாக ஒரே புராஜெக்டைக் கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன்: ஹாஸ்டல் மெஸ் கணக்கு. எளிதாகத் தெரிந்தாலும், நுணுக்கமான விதிகள் நிறைந்த வேலை அது.

1. தலைப்புக்கு முன்னால் ஆளைத் தேடுங்கள்

வழக்கமாகத் தலைப்பு முதலில் வரும். ஆய்வுக் கட்டுரைப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுப்பார்கள், அல்லது புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து கோடும் ரிப்போர்ட்டும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். வாங்கிய புராஜெக்டைப் பற்றி இங்கே பேச எதுவுமில்லை. அதில் நீங்கள் கற்றுக்கொள்ள இருந்த எல்லாவற்றையும் வேறு யாரோ செய்துவிட்டார்.

முதல் வாரத்தில் ஒரு மனிதரைத் தேடுங்கள். ஹாஸ்டல் மெஸ் மேனேஜர், கல்லூரி நூலகர், லேப் உதவியாளர், ஊரில் உள்ள பால் கூட்டுறவு சங்கத்தின் செயலாளர், பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் என்று யாராகவும் இருக்கலாம். மூன்று விஷயங்களைப் பாருங்கள். வாரம் ஒருமுறை அவரை நேரில் பார்க்க முடிய வேண்டும். இப்போது அந்த வேலையை நோட்டிலோ எக்செலிலோ அவர் செய்துகொண்டிருக்க வேண்டும். உங்கள் மென்பொருள் ஒருநாள் நின்றுபோனாலும் நோட்டை வைத்து அவர் சமாளிக்க முடிய வேண்டும்.

மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயாளிகளின் மருத்துவத் தகவல், ஆதார் எண், குழந்தைகளின் படம் ஆகியவற்றைத் தொடும் வேலை முதல் புராஜெக்டுக்கு வேண்டாம். 2023-ல் இந்தியாவில் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அடுத்தவர் தகவலைத் தேவைக்கு மேல் வாங்கி வைக்காமலிருப்பது இந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். மெஸ் கணக்குக்குப் பதிவு எண், பெயர், அறை எண் போதும். பிறந்த தேதி எதற்கு?

2. நோட்டைப் படியுங்கள்

தேவைகளைச் சேகரிப்பது என்றால் பலருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்புவதுதான் நினைவுக்கு வரும். “உங்களுக்கு மெஸ் ஆப் வேண்டுமா?” என்று கேட்டால் எல்லாரும் வேண்டும் என்பார்கள். அதை வைத்து ஒரு வரி கோடுகூட எழுத முடியாது. அதற்குப் பதிலாக மேனேஜர் பக்கத்தில் ஒரு மாலை உட்காருங்கள். போன மூன்று மாத நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு மாதக் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்.

நம் ஊர் ஹாஸ்டல்கள் பலவற்றில் டிவைடிங் சிஸ்டம்தான். அந்த மாதம் ஆன மொத்தச் செலவை, எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களின் மொத்தத்தால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம் வரும். அதை ஒவ்வொருவரும் சாப்பிட்ட நாட்களால் பெருக்கினால் அவருடைய பில். சொல்லும்போது இரண்டே வரி. நோட்டுக்குள் போனால் கேள்விகள் வரிசை கட்டும். ஊருக்குப் போனவருக்கு, சாப்பிடாத நாட்களைக் கழிக்கும் ரிடக்‌ஷன் உண்டு, ஆனால் எத்தனை நாள் தொடர்ந்து போயிருக்க வேண்டும்? முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதவருக்கு உண்டா? புறப்பட்ட நாளில் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் அது முழு நாளா? விருந்தினர் டோக்கனில் வந்த பணம் செலவில் கழிகிறதா? மாத நடுவில் அறையைக் காலி செய்தவர் கணக்கு என்ன? கேஸ் சிலிண்டர் இந்த மாதம் வாங்கி அடுத்த மாதமும் எரிந்தால் செலவு எந்த மாதத்துக்கு?

கேட்க வேண்டிய மிக நல்ல கேள்வி இது: “அண்ணா, போன மாசம் எந்த பில்லுக்குத் தகராறு வந்துச்சு? எப்படித் தீர்த்தீங்க?” தகராறு வந்த இடத்தில்தான் எழுதப்படாத விதி ஒளிந்திருக்கும்.

பெயர் விஷயத்தையும் இந்தக் கட்டத்திலேயே தீர்த்துவிடுங்கள். வெளிநாட்டு மாதிரிப் படிவத்தைப் பார்த்து முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டாயக் கட்டம் வைத்தால், இனிஷியல் மட்டும் உள்ள நம் மாணவர் இரண்டாவது கட்டத்தில் ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு நகர்வார். பெயருக்கு ஒரே கட்டம் போதும். ஒரே பிளாக்கில் இரண்டு எஸ். கார்த்திக் இருப்பார்கள், ஆகவே அடையாளமாகப் பதிவு எண்ணைத்தான் நம்ப வேண்டும். தமிழில் பெயர் அச்சிடுவதானால் இன்னொரு கவனம் தேவை. கணினிக்கு ‘கி’ என்பது ஓர் எழுத்து இல்லை, க-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். பத்துக் குறியீட்டோடு பெயரை வெட்டினால் சிலருடைய பெயர் தவறாக அச்சாகும்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில், மேனேஜருக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள். அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். “அப்படி இல்லப்பா” என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடமும் உங்களுக்கு ஒரு வார வேலையை மிச்சப்படுத்தும். யூஸ் கேஸ் படம் (யார் எதைச் செய்வார் என்று காட்டும் படம்) ரிப்போர்ட்டுக்கு வேண்டுமானால் அப்புறம் வரைந்துகொள்ளலாம்.

3. முதல் பதிப்பைச் சிறியதாக வெட்டுங்கள்

முகம் அறிந்து வருகைப்பதிவு, மொபைல் ஆப், நாளைய சாப்பாட்டுத் தேவையைக் கணிக்கும் மாடல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஓரமாக வையுங்கள். முதல் பதிப்பில் மூன்று திரைகள் போதும்: மாணவர் பட்டியல், ரிடக்‌ஷன் பதிவு, மாத பில்.

பாடத்தில் வாட்டர்ஃபால் படம் படித்திருப்பீர்கள். தேவை, வடிவமைப்பு, கோடிங், சோதனை என்று மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இறங்கும். அந்தப் படத்துக்கு மூலமாக மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் எழுதிய கட்டுரையைத்தான் பலரும் காட்டுவார்கள். அப்படி ஒரே ஓட்டமாகச் செய்வது ஆபத்தானது என்று எச்சரித்ததும், வேலையை இரண்டு முறை செய்யுங்கள் என்று சொன்னதும் அதே கட்டுரைதான். நம் ரிவ்யூ அட்டவணை மட்டும் இன்னும் அந்த ஒற்றை ஓட்டத்தை நம்பியே போடப்படுகிறது. அட்டவணையை மாற்ற உங்களால் முடியாது. ஆனால் முதல் ரிவ்யூவுக்கு வெறும் படங்களோடு போகாமல், போன மாத நோட்டைக் கொடுத்தால் சரியான பில் தரும் சின்ன மென்பொருளோடு போக முடியும்.

4. கோட் முதல் நாளிலிருந்தே பேட்சுக்குப் பொதுவான இடத்தில் இருக்கட்டும்

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளை 2005-ல் எழுதியது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்காக, உலகம் முழுக்கப் பரவிக் கிடந்தவர்கள் ஒரே கோடில் வேலை செய்ய. நான்கு பேர் பேட்சுக்கும் அதே தேவைதான். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று ஜிப் ஃபைல்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள்.

கிட் கோடை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப்பிலோ கிட்லேபிலோ ஒரு ரெப்போ (புராஜெக்டின் கோட் கிடங்கு) திறந்து இரண்டு விதிகளை அமைப்பிலேயே பூட்டிவிடுங்கள். முடிவான கோட் இருக்கும் மெயின் பிராஞ்சுக்கு (பிராஞ்ச் என்றால் கோடின் ஒரு தனிக் கிளை) யாரும் நேராக புஷ் செய்ய, அதாவது மாற்றத்தை ஏற்ற முடியாது. ஒவ்வொரு மாற்றமும் தனி பிராஞ்சில் எழுதப்பட்டு, ‘இதைச் சேர்க்கலாமா’ என்று கேட்கும் புல் ரிக்வெஸ்டாக வந்து, எழுதாத ஒருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே போகும். வாய்மொழி ஒப்பந்தமாக வைத்தால் இரண்டாவது ரிவ்யூவுக்கு முந்தைய இரவில் அது காணாமல் போய்விடும்.

இந்த வழிகாட்டியில் உள்ள பழக்கங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்க்கும் இந்தக் கோட் ரிவ்யூவைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் கோடைச் சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பிழை தேடும் முறையை 1976-ல் எழுதி வெளியிட்டார். கருவிகள் மாறிவிட்டன, அடிப்படை மாறவில்லை. எழுதியவர் கண்ணுக்குத் தெரியாதது அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும்.

நம்மிடம் இதற்கு ஒரு தடை உண்டு. நண்பன் எழுதியதில் குறை சொல்லக் கூச்சப்பட்டு, ‘சூப்பர் மச்சி’ என்று எழுதி ஒப்புதல் கொடுத்துவிடுவோம். அந்தக் கூச்சம் போக, கருத்தைக் கேள்வியாக எழுதிப் பழகுங்கள். “செமஸ்டர் லீவில் யாருமே சாப்பிடாத மாதம் வந்தால் இந்த வகுத்தல் என்ன ஆகும்?” என்ற கேள்வி நண்பனைக் குறை சொல்லவில்லை, ஆனால் பூஜ்யத்தால் வகுக்கும் பிழையைப் பிடித்துவிட்டது. “இந்த வேரியபிளில் இருப்பது ரூபாயா பைசாவா?” என்பதும் அப்படித்தான். படிக்கிறவருக்குப் புரியவில்லை என்றால், வாயால் விளக்கம் சொல்லி முடிக்காமல் கோடை மாற்றி எழுதுங்கள். அடுத்த வருடம் அதைப் படிக்கிறவருக்கு விளக்க நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

புல் ரிக்வெஸ்ட் சிறியதாக இருக்கட்டும். ஆயிரம் வரி மாற்றத்தை யாரும் படிக்க மாட்டார்கள், நூறு வரியைப் படிப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது எழுதும் கமிட் செய்தியில் ‘மாற்றங்கள்’ என்று மட்டும் எழுதாமல், ‘மாத நடுவில் சேர்ந்தவருக்குச் சேர்ந்த நாளிலிருந்து மட்டும் கணக்கு’ என்று காரணத்தோடு எழுதுங்கள்.

5. நோட்டிலிருந்தே டெஸ்ட் எழுதுங்கள்

ரிப்போர்ட்டில் டெஸ்டிங் அத்தியாயத்துக்காக ‘லாகின் வேலை செய்கிறது: பாஸ்’ என்று அட்டவணை போடுவது சோதனையாகாது. உங்கள் கையில் மேனேஜரின் நோட்டு இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு பழைய பில்லும் ஒரு டெஸ்ட்: அதே தகவலைக் கொடுத்தால் மென்பொருள் சரியான தொகையைத் தருகிறதா என்று தானாகப் பார்க்கும் சின்னக் கோட்.

சின்னக் கணக்கு ஒன்று பார்ப்போம். மூன்று பேர் 28, 30, 25 நாட்கள் சாப்பிட்டார்கள். மொத்தம் 83 நாள். செலவு 9,000 ரூபாய். நாள் கட்டணம் 108.4337 என்று நீளும். ஒவ்வொரு பில்லையும் பைசாவுக்கு முழுமையாக்கினால் 3036.14, 3253.01, 2710.84 வரும். கூட்டினால் 8,999.99. ஒரு பைசா குறைகிறது. நாள் கட்டணத்தையே முதலில் 108.43 என்று முழுமையாக்கிவிட்டால் கூட்டுத்தொகை 8,999.69 ஆகும், அதாவது 31 பைசா குறைவு. 400 பேர், 30 நாள் என்றால் 12,000 சாப்பாட்டு நாட்கள், நாளுக்கு அரை பைசா பிழையே 60 ரூபாயாகிவிடும். மாத முடிவில் அந்த 60 ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர்.

எங்கே முழுமையாக்குவது, மிச்சம் யார் தலையில் விழும், அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவதா என்பதெல்லாம் நீங்களே முடிவு செய்யக் கூடாதவை. அவரிடம் போய்க் கேட்டு, பதிலை டெஸ்டாக எழுதுங்கள்: எல்லா பில்களின் கூட்டுத்தொகையும் மாதச் செலவும், அவர் சொன்ன விதிப்படி ஒத்துப்போக வேண்டும். பணத்தை எப்போதும் பைசாவாக, முழு எண்ணாகச் சேமியுங்கள். ஃப்ளோட் வகைத் தசம எண்ணாக வைத்தால் பெரும்பாலான மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-ஐ விடக் கொஞ்சம் கூடுதலாக வரும்.

அப்புறம் அந்த டெஸ்ட்கள் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் தானாக ஓடும்படி கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் அமைத்துவிடுங்கள். ஒரு மாலை வேலைதான். டெஸ்ட் தோற்றுச் சிவப்பு விழுந்தால் மெயினில் சேர்க்க முடியாது என்பதையும் பூட்டுங்கள்.

சீனியர்களின் கோடை எடுத்துத் தொடர்கிறீர்களா? நல்லது, வேலையிடத்தில் நீங்கள் சேரும் முதல் நாளே பழைய கோடுதான் கையில் வரும். ஆனால் அது எந்தச் சூழலுக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் அப்படியே எடுக்காதீர்கள். 1996-ல் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்தில் 40 நொடிக்குள் திசைமாறி அழிந்தது. ஏரியன் 4-க்காக எழுதிய மென்பொருள் பகுதியில் 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் மாற்றும் இடம் ஒன்று இருந்தது. புதிய ராக்கெட்டின் வேகத்தில் அந்த எண் கொள்ளவில்லை. பழைய ராக்கெட்டில் சிக்கலில்லாமல் ஓடிய கோடுதான் அது. எனவே பழைய கோடில் கை வைப்பதற்கு முன்னால், அது இப்போது என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் டெஸ்ட்களை எழுதிக்கொள்ளுங்கள்.

6. நோட்டோடு சேர்த்து ஓட்டுங்கள்

ஐந்தாவது வாரத்துக்குள் மேனேஜரின் கணினியில் உங்கள் மென்பொருள் திறக்க வேண்டும். நோட்டை மூடச் சொல்லாதீர்கள். ஒரு முழு மாதம் நோட்டும் மென்பொருளும் இணையாக ஓடட்டும். மாத முடிவில் இரண்டையும் பில் பில்லாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும் இடத்தில் சில சமயம் உங்கள் கோடில் பிழை இருக்கும், சில சமயம் நோட்டில் கூட்டல் பிழை இருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் தவிர்க்கக் கூடாத சில வேலைகள் உண்டு. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ரெப்போவுக்குள் வைக்காதீர்கள். ஒருமுறை கமிட் ஆகிவிட்டால், பிறகு அழித்தாலும் வரலாற்றில் இருக்கும், அந்தப் பாஸ்வேர்டையே மாற்றியாக வேண்டும். பயனர் பாஸ்வேர்டுகளை பிகிரிப்ட் போன்ற முறையில் ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் கட்டளைகளைப் பயனர் தட்டிய உரையை ஒட்டி உருவாக்காமல், அந்த உரையைத் தனி அளவுருக்களாக அனுப்புங்கள். தினமும் பேக்கப் எடுங்கள். அதோடு நிற்காமல், ஒருமுறையாவது அந்தப் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

ஏதாவது உடைந்தால், உடைந்தது எப்போது தெரிந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க எந்த டெஸ்டைச் சேர்த்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். யார் செய்தது என்ற வரி அதில் வேண்டாம். வைவாவில் நான் முதலில் கேட்டு வாங்கிப் படிக்க விரும்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

7. விதி மாறும், காத்திருங்கள்

ஒன்பதாவது வாரம் வாக்கில் வார்டன் சொல்வார்: இனி ரிடக்‌ஷனுக்கு ஐந்து நாள் வேண்டாம், மூன்று நாள் போதும். கோடில் 5 என்று இருப்பதை 3 என்று மாற்றினால் முடிந்ததா? பழைய மாத பில்லை மறுபடி திறக்கும்போது அதுவும் மாறிவிடும், ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வாசலில் நிற்பார்கள். ஆகவே விதிகளை, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற குறிப்போடு டேட்டாபேஸில் வைக்க வேண்டும். வெளியான பில்லைத் திருத்தக் கூடாது, சரிசெய்தலை அடுத்த மாதத்தில் தனி வரியாகக் காட்ட வேண்டும்.

வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: இப்படி ஒரு மாற்றம் தானாக வரவில்லை என்றால், பயன்படுத்துபவரோடு பேசி நீங்களே ஒன்றைக் கொண்டுவாருங்கள். வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா என்பது விதி மாறும்போதுதான் தெரியும். மதிப்பெண்ணையும் கொஞ்சம் நகர்த்துங்கள். பவர்பாயிண்ட்டுக்குப் போகும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு கமிட் வரலாற்றுக்கும், கோட் ரிவ்யூவில் எழுதிய கருத்துகளுக்கும், மேனேஜர் சொல்லும் வார்த்தைக்கும் போகட்டும். மாணவர்கள் மதிப்பெண் இருக்கும் இடத்தில்தான் உழைப்பார்கள், அதில் தவறேதும் இல்லை.

8. பேட்சுக்குள் வேலைப் பிரிவு

ஒருவர் கோட், ஒருவர் ரிப்போர்ட், ஒருவர் பிபிடி, ஒருவர் பிரிண்ட் அவுட் என்ற பிரிவினை வேண்டாம். எல்லாரும் கோட் எழுத வேண்டும், எல்லாரும் ரிவ்யூ செய்ய வேண்டும், மேனேஜரைச் சந்திக்கும் பொறுப்பு வாராவாரம் மாற வேண்டும். வேலைகளை இரண்டு நாளில் முடியும் துண்டுகளாக, ரெப்போவோடு வரும் இஷ்யூ பட்டியலில் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) போடுங்கள். துண்டு பெரியதாக இருந்தால் ‘செய்துகிட்டே இருக்கேன்’ என்ற பதில் மூன்று வாரம் ஓடும். துண்டு சிறியதாக இருந்தால், ஒருவர் சிக்கிக்கொண்டிருப்பது மூன்றாவது நாளே தெரியும், மற்றவர்கள் கை கொடுக்கலாம்.

9. கைமாற்றிக் கொடுங்கள்

பன்னிரண்டாவது வாரத்தில் இன்னொரு பேட்சிடம் ரெப்போவைக் கொடுங்கள். மென்பொருளை ஓட்டும் வழியைச் சொல்லும் ரீட்மீ ஃபைலை மட்டும் பார்த்து, உங்களிடம் எதுவும் கேட்காமல், அவர்கள் கணினியில் ஒரு மணி நேரத்தில் அது ஓட வேண்டும். பிறகு ஒரு சின்ன மாற்றத்தையும் அவர்களே செய்து புல் ரிக்வெஸ்ட் அனுப்பட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஆனால் வாய் திறக்காதீர்கள். அவர்கள் தடுக்கிய ஒவ்வொரு இடத்தையும் ரீட்மீயில் திருத்துங்கள்.

ரிப்போர்ட்டுக்குத் தேவையான எல்லாம் இப்போது உங்களிடம் இருக்கிறது: மேனேஜரிடம் வாசித்துக் காட்டிய பக்கம், நோட்டு ஒப்பீடு, உடைந்தபோது எழுதிய குறிப்புகள், விதி மாறியபோது செய்த வடிவமைப்பு. எங்கிருந்தும் நகலெடுக்கத் தேவையில்லை.

கடைசியாக மேனேஜருக்குச் செய்ய வேண்டியவை. தமிழில் ஒரு பக்கச் செயல்முறைக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். சர்வர், டொமைன் கணக்குகள் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருந்தால் ஹாஸ்டல் அலுவலகத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். எல்லாத் தகவலையும் எக்செலாக இறக்கிக்கொள்ளும் பட்டனை வைத்து, அதை அவரே ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும். பொறுப்பெடுக்கும் ஜூனியர் பேட்சை நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். பொறுப்பெடுக்க யாரும் கிடைக்கவில்லை என்றால் அதை அவரிடம் நேராகச் சொல்லி, ஒரு தேதி குறித்து, அன்றைய கணக்கு முழுவதையும் எக்செலில் கொடுத்துவிட்டு, சர்வரில் உள்ள மாணவர் தகவலை அழித்து, சர்வரை நிறுத்திவிடுங்கள்.